ஹிந்தோளத்துக்கு டிஸ்கோ தாளம்: சரண்ஜித் சிங் வழியில் ஒரு ராகம் கட்டுவது எப்படி

2011-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதுங்கா வீட்டில் பெரியம்மா காபி குடித்துக்கொண்டிருந்தார். என் தம்பி தன் மடிக்கணினியில் ஏதோ ஒரு இசையை ஓடவிட்டு, ஹெட்போனை அவர் காதில் மாட்டினான். அரை நிமிடம் அவர் அசையவில்லை. பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்.

"ஹிந்தோளம்னா இது. யாருடி வாசிக்கறா?"

"சரண்ஜித் சிங்னு ஒருத்தர், பெரியம்மா. நம்ம ஊர்தான், பம்பாய். 1982-ல பண்ணினது."

எனக்கு வீணை சொல்லிக்கொடுத்தவர் பெரியம்மா. கீபோர்டு எனக்குப் பிழைப்பு. இருபது வருஷமாக மும்பையில் கல்யாண ரிசப்ஷன்களில் வாசிக்கிறேன். ஞாயிறு காலையில் செம்பூரில் நாலு பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். அந்தப் பிள்ளைகள் கேட்டுக்கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்: சரண்ஜித் சிங் செய்ததைப் போல ஒரு ராகத்தை மின்னணு நடன இசையாக நாமே வீட்டில் கட்டுவது எப்படி? கொஞ்சம் கர்நாடக சங்கீதம் தெரிந்து, ஒரு சாதாரணக் கணினியும் ஒரு கீபோர்டும் இருந்தால் போதும்.

முதலில் அவர் வாழ்க்கையைக் கேளுங்கள். அதில்தான் பாடமே இருக்கிறது.

சரண்ஜித் சிங் 1940-ல் பிறந்தவர். அறுபதுகள் தொடங்கி எண்பதுகள் வரை பம்பாய் சினிமா வாத்தியக்குழுக்களில் கிட்டார், பாஸ் கிட்டார், கீபோர்டு வகைகள் என்று வாசித்தவர். இசையமைப்பாளர் பெயர்தான் தட்டில் வரும். இவர் பெயர் வராது. சொந்தக் குழு வைத்துக் கல்யாணங்களிலும் வாசித்தார், என்னைப் போல. 1971-ல் ஆர்.டி. பர்மன் இசையில் வந்த 'தம் மாரோ தம்' பாட்டின் தொடக்கத்தில் இழுத்துக்கொண்டே நிற்கும் ஒரு ஒலி இருக்கிறதே, அது டிரான்சிகார்ட் என்ற மின்னணு அக்கார்டியன். அதை வாசித்தவர் இவர்தான். வேலையைத் தொடங்குமுன் அந்த முதல் சில நொடிகளை மட்டும் நாலைந்து தடவை கேளுங்கள். அங்கே ராகமும் கிடையாது, சங்கதியும் கிடையாது. ஒரு சுருதி பிடித்து நிற்கிறது, அதன் மேல் எல்லாம் நடக்கிறது. மற்றவர்கள் நிற்பதற்குத் தரை போட்டுக் கொடுப்பதுதான் பக்கவாத்தியக்காரரின் வேலை. பத்து வருஷம் கழித்து அவர் செய்த இசைத்தட்டை எனக்குத் திறந்து காட்டிய சாவி இதுதான்.

1980-ல் 'குர்பானி' வந்த பிறகு பம்பாய் சினிமா முழுக்க டிஸ்கோ. எங்கும் டிஸ்கோவாக இருக்கும்போது நாம் வேறு ஏதாவது செய்யலாமே என்று சரண்ஜித்துக்குத் தோன்றியிருக்கிறது. ராகங்களை எடுத்துக்கொள்வது, தபலாவை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் டிஸ்கோ தாளம் வைப்பது என்பது யோசனை. வீட்டில் வாசித்துப் பார்த்தார், பிடித்துப்போனது, பதிவு செய்தார். கிராமபோன் கம்பெனி வெளியிட்டது. தட்டின் பெயரே விஷயத்தைச் சொல்லிவிடும்: 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. பைரவி, லலித், பூபாலி, தோடி, மதுவந்தி, மேக் மல்ஹார், யமன், கலாவதி, மால்கவுன்ஸ், பைராகி. ஒவ்வொன்றும் சுமார் ஐந்து நிமிடம். விற்கவில்லை. மறந்துபோனார்கள்.

2002-ல் எடோ பௌமன் என்ற டச்சு சேகரிப்பாளர் தில்லியில் அந்தத் தட்டைக் கண்டெடுத்தார். 2010-ல் மறுவெளியீடு வந்தது. கேட்டவர்கள் திகைத்தார்கள், ஏமாற்று வேலை, இந்தக் காலத்தில் யாரோ செய்து பழைய உறை போட்டிருக்கிறார்கள் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். காரணம், 1987-ல் சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழு வெளியிட்ட இசையிலிருந்துதான் 'ஆசிட் ஹவுஸ்' என்ற மின்னணு நடன இசை வகை பிறந்தது என்பது எல்லோரும் படித்த வரலாறு. அந்த இசையில் கேட்கும் டிபி-303 என்ற பாஸ் இயந்திரத்தின் அதே நெளிவு அதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே பம்பாயில் கேட்கிறது. சிகாகோக்காரர்கள் இவரைக் கேட்டதில்லை, இவரும் அவர்களுக்காகச் செய்யவில்லை. அதனால் 'ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர்' என்று அவரைச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. அப்படிச் சொன்னால் அவர் செய்தது வேறு ஒன்றுக்கு முன்னோட்டமாகச் சுருங்கிவிடுகிறது. அவர் செய்தது ராகம். அப்படியே கேளுங்கள், அப்படியே கற்றுக்கொள்ளுங்கள்.

எழுபது வயதுக்கு மேல் ஐரோப்பிய மேடைகளில் அதே இயந்திரங்களோடு அதே ராகங்களை வாசித்தார். 2015 ஜூலை 5 அன்று மும்பையில் மறைந்தார்.

எந்த ராகத்தில் தொடங்குவது

அந்தத் தட்டில் நமக்குத் தெரிந்த முகங்கள் நிறைய. பூபாலி நம் மோகனம். யமன் கல்யாணிக்கு மிக அருகில். இந்துஸ்தானி தோடி நம் சுபபந்துவராளி. மதுவந்திக்குத் தர்மவதியின் ஸ்வரங்கள். கலாவதி வலஜி, பைராகி ரேவதி. மால்கவுன்ஸ் ஹிந்தோளம். பைரவி என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். இந்துஸ்தானி பைரவியின் அடிப்படை ஸ்வரங்கள் நம் தோடியுடையவை.

ஹிந்தோளத்தில் தொடங்குங்கள். ஐந்தே ஸ்வரம், வக்கிரம் (ஸ்வரங்கள் முன்பின்னாக வளைந்து போவது) இல்லை, வாசித்த அடுத்த நொடியே முகம் தெரிந்துவிடும். 1 கட்டை சுருதிக்கு ஸ என்பது சி, க என்பது இ ஃபிளாட், ம என்பது எஃப், த என்பது ஏ ஃபிளாட், நி என்பது பி ஃபிளாட். வெள்ளைக் கட்டை 2, கறுப்புக் கட்டை 3. வேறு எதையும் விரல் தொடக்கூடாது. பிள்ளைகளிடம் கீபோர்டில் அந்த ஐந்து கட்டைகளில் மட்டும் சின்ன ஸ்டிக்கர் ஒட்டச் சொல்வேன்.

மூன்று இயந்திரம், மூன்று வேலை

சரண்ஜித்திடம் இருந்தது மூன்று. மூன்றும் ரோலண்ட் நிறுவனத்தின் தயாரிப்பு. டிஆர்-808 தாள இயந்திரம், டிபி-303 பாஸ் இயந்திரம், ஜூபிடர்-8 சிந்தசைசர். 303-ஐ வடிவமைத்தவர் ததாவோ கிகுமோட்டோ. கிட்டார் வாசிப்பவர் தனியாகப் பயிற்சி செய்யும்போது பாஸ் துணைக்கு இருக்கட்டும் என்று செய்தது அது. பாஸ் கிட்டார் போல ஒலிக்கவே இல்லை, யாரும் வாங்கவில்லை, 1984-ல் நிறுத்திவிட்டார்கள். மொத்தமே சுமார் 10,000 செய்திருப்பார்கள். மின்னணு வாத்தியங்களை ஒன்றோடொன்று சேர்க்கும் மிடி இணைப்பு முறை புழக்கத்துக்கு வந்ததே 1983-ல். 1982-ல் இவர் 303-ஐயும் 808-ஐயும் அவற்றுக்கென்றே இருந்த ஒத்திசைவுக் கம்பி வழியாகத்தான் சேர்த்து ஓட்ட முடியும். இன்று பழைய 303 விற்கிற விலை நம் கைக்கு எட்டாது, வேண்டவும் வேண்டாம். எல்எம்எம்எஸ் என்ற மென்பொருள் இலவசம்; அதற்குள்ளேயே எல்பி302 என்று 303-ஐப் பின்பற்றிய கருவி ஒன்று இருக்கிறது, டிரம் ஒலிகளும் இருக்கின்றன. கையில் தொட்டுத் திருப்பக் குமிழ் வேண்டும் என்பவர்களுக்கு 303-ஐப் பின்பற்றிய பெரிங்கர் டிடி-3 என்ற கருவி இருக்கிறது.

எதில் செய்தாலும் வேலைப் பிரிவினை ஒன்றுதான். 808 தாளம் போடும். 303 தம்புராவும் பாஸும் சேர்ந்தது. கீபோர்டில் உங்கள் கை ராகம் பாடும். மூன்றாவது வேலையை இயந்திரத்திடம் கொடுக்காதீர்கள்.

தாளம்

டெம்போ 120, அதாவது நிமிடத்துக்கு 120 அடி. மென்பொருளில் ஒரு பேட்டர்னுக்கு (திரும்பத் திரும்ப ஓடும் ஒரு சுற்றுக்கு) 16 கட்டம் இருக்கும். 1, 5, 9, 13-ல் கிக் (பெரிய டிரம்மின் 'தும்'). 5, 13-ல் கிளாப் (கைதட்டல் ஒலி). 3, 7, 11, 15-ல் மூடிய ஹை-ஹாட் (சின்ன ஜால்ராவின் 'ட்ஸ்'). முடிந்தது. இதற்கு மேல் அலங்காரம் செய்யக் கை துறுதுறுக்கும், செய்யாதீர்கள்.

இப்போது இதை ஓடவிட்டு ஆதி தாளம் போட்டுப் பாருங்கள். ஒரு கிக்குக்கு ஓர் எண்ணிக்கை. இரண்டு பேட்டர்ன் ஓடினால் எட்டு எண்ணிக்கை, ஓர் ஆவர்த்தனம். ஒவ்வோர் எண்ணிக்கைக்குள்ளும் நாலு கட்டம், அதாவது சதுஸ்ர நடை. டிஸ்கோ தாளம் நமக்கு அந்நியம் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த ஒரு பயிற்சி போதும். பத்து நிமிடம் கையால் தாளம் போட்டுக்கொண்டே கேட்ட பிறகுதான் என் பிள்ளைகளை அடுத்த படிக்கு விடுவேன்.

பாஸ்: இங்கே நிதானம் வேண்டும்

நான் செய்த தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சில வருஷம் முன்பு ஒரு ரிசப்ஷனில் ஹிந்தோளத்தை இப்படி டிஸ்கோவில் வாசித்தேன். பாஸுக்கு மென்பொருளோடு வந்த தயார் பேட்டர்ன் ஒன்றை ஸ-வுக்கு மாற்றிப் போட்டிருந்தேன். வாசித்து முடித்து இறங்கியதும் வேட்டி கட்டிய ஒரு பெரியவர் வந்தார். கோபமே இல்லை, வருத்தமாகத்தான் கேட்டார்: "ஏம்மா, ஹிந்தோளத்துல பஞ்சமம் எங்கேருந்து வந்தது?"

வீட்டுக்கு வந்து பார்த்தேன். அந்தப் பேட்டர்ன் ஸ-வுக்கும் ப-வுக்கும் மாறி மாறித் தாவுகிறது. தயார் பாஸ் பேட்டர்ன்களில் பெரும்பாலானவை அப்படித்தான். மேற்கத்திய நடன இசையில் ஆதார ஸ்வரமும் அதன் ஐந்தாவதும்தான் பாஸின் இரண்டு கால்கள். ஹிந்தோளத்தில் பஞ்சமமே கிடையாது. மால்கவுன்ஸ் பாடுபவர்கள் தம்புராவின் ப தந்தியைக்கூட ம-வுக்கு இறக்கித்தான் சுருதி சேர்ப்பார்கள். பெரியம்மா சொல்லிக்கொடுத்த பாடத்தை நான் மேடையில் மறந்திருந்தேன். மேலே கை எவ்வளவு சுத்தமாக வாசித்தாலும் கீழே தரையில் ஒரு வேற்று ஸ்வரம் ஒவ்வொரு நொடியும் அடித்துக்கொண்டிருந்தால் ராகம் எப்படி நிற்கும்?

எனவே பாஸை நீங்களே கட்டுங்கள். ஸ ஒரு கால், ம இன்னொரு கால். நான் இப்போது பயன்படுத்தும் 16 கட்டம் இது, கோடு என்பது மௌனம்:

ஸ ஸ க ஸ
ம – க ஸ
நி ஸ ம த
ம க ஸ நி

இரண்டு நி-யும் கீழ் ஸ்தாயி. முழுவதையும் கீபோர்டின் நடு ஸ-வுக்கு இரண்டு ஆக்டேவ் கீழே வையுங்கள்.

அடுத்து ஸ்லைட். ஒரு ஸ்வரத்தை விட்டுவிட்டு அடுத்ததை அடிக்காமல், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு 303 வழுக்கிக்கொண்டு போகும். நம் பாஷையில் ஜாரு. அந்தத் தட்டு ஏன் வெறும் ஸ்வர வரிசையாகக் கேட்கவில்லை, ஏன் பெரியம்மா அரை நிமிடத்தில் ராகத்தைச் சொன்னார் என்பதற்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது. மேல் பேட்டர்னில் இரண்டே இடத்தில் வையுங்கள்: மூன்றாவது வரியின் த-விலிருந்து நாலாவது வரியின் ம-வுக்கு, கடைசி நி-யிலிருந்து மறுபடி தொடங்கும் ஸ-வுக்கு. முதலாவது, ராகத்தின் முகம். இரண்டாவது, சுற்று முடிந்து சமத்தில் வந்து விழுவதைக் காதுக்குச் சொல்லும். எல்லாக் கட்டத்துக்கும் ஸ்லைட் போட்டால் கொழகொழவென்று ஆகிவிடும். உங்கள் கருவியில் ஸ்லைட்டுக்கு ஒரே பொத்தான்தான் இருக்கிறது என்றால், அந்த இரண்டு இடத்தில் மட்டும் அது தானாக இயங்கும்படி மென்பொருளில் ஆட்டோமேஷன் வரைந்துகொள்ளுங்கள்.

ஆக்சென்ட் (ஒரு கட்டத்தை மட்டும் அழுத்திச் சொல்வது) என்பது மீட்டு. வீணையில் எங்கே அழுத்தி மீட்டுவீர்களோ அங்கே வையுங்கள். நான் 1, 5, 12-ல் வைக்கிறேன்.

குமிழ்கள்

303-ன் உயிர் ஃபில்டரில், அதாவது ஒலியின் பளபளப்பைக் கூட்டிக் குறைக்கும் பகுதியில் இருக்கிறது. அதன் கட்ஆஃப் குமிழைப் பயந்து பயந்து தொடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வாயை மூடி 'ம்' என்று ஸ பிடியுங்கள். சுருதி மாறாமல் மெல்ல வாயைத் திறந்து 'ஆ' ஆக்குங்கள். ஸ்வரம் அதேதான், ஒலியின் பளபளப்புதான் கூடியது. கட்ஆஃப் செய்வது அதுவே. 'ம்'-ல் தொடங்கி, எட்டு ஆவர்த்தனம் எடுத்துக்கொண்டு 'ஆ'-வுக்குப் போங்கள். திருப்புகிறோம் என்பதே கேட்பவருக்குத் தெரியக்கூடாது.

ரெசொனன்ஸ் அந்தத் திறக்கும் இடத்தில் ஒரு சீழ்க்கையைக் கூட்டும். பாதிக்குச் சற்று மேலே போதும்; முழுக்க ஏற்றினால் அந்தச் சீழ்க்கையே ஒரு தனி ஸ்வரமாகி ராகத்துக்குள் நுழைந்துவிடும். டிகே (ஒலி தேய்ந்து அடங்கும் நேரம்) குறைவாக இருந்தால் மீட்டிய தந்தியை உடனே விரலால் தொட்டு அடக்கியது போல இருக்கும், கூட்டினால் தந்தி ஒலித்துக்கொண்டே இருப்பது போல. ஹிந்தோளத்துக்கு எனக்கு நடுவில் வைப்பது பிடிக்கும். வேகமான மோகனத்துக்குக் குறைவாக.

கை

இப்போது தாளமும் பாஸும் ஓடிக்கொண்டிருக்கின்றன. குறைந்தது நாலு ஆவர்த்தனம் ஒன்றும் வாசிக்காமல் உட்காருங்கள். கேட்டுக்கொண்டே வாய்விட்டுப் பாடுங்கள். பாட முடியாததை வாசிக்காதீர்கள்.

கீபோர்டின் ஒலிக்கு ரம்பப்பல் வடிவ அலை (மென்பொருளில் 'சா'), கொஞ்சம் போர்ட்டமென்டோ (ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கல்). சுருதியை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தின் எல்லை பெரும்பாலான கீபோர்டுகளில் 2 அரைஸ்வரமாக வரும். அதை 3 ஆக்குங்கள். காரணம் இருக்கிறது: ஹிந்தோளத்தில் ஸ-வுக்கும் க-வுக்கும் இடைவெளி 3, ம-வுக்கும் த-வுக்கும் இடைவெளி 3. விரல் ம-வில் இருக்க, சக்கரத்தை முழுதும் தள்ளினால் சரியாகத் த-வில் போய் நிற்கும். க-ம, த-நி, நி-ஸ மூன்றுக்கும் இடைவெளி 2. அவற்றுக்குச் சக்கரத்தை மூன்றில் இரண்டு பங்கு தள்ளவேண்டும். இதைக் காதுதான் சொல்லித்தரும். ஒரு வாரம் தம்புரா ஆப் ஒன்றை ஸ-ம சுருதியில் ஓடவிட்டு, தாளமே இல்லாமல் இந்த ஐந்து நகர்வுகளை மட்டும் பழகுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு முன்னே போன என் மாணவர்கள் எல்லோருமே திரும்பி இங்கேதான் வந்தார்கள்.

நீண்ட ஆலாபனை இதற்குப் பொருந்தாது, கீழே தாளம் ஓடுகிறதே. தானம் பொருந்தும். ம-வை மையமாக வைத்துச் சின்னச் சின்னப் பிடிகள்: க ம த ம, ம த நி த ம, த ம க ஸ. ஒவ்வொரு பிடிக்குப் பிறகும் மூச்சு விடுங்கள், பாஸ் தெரியட்டும். பிறகு மேல் ஸ-வுக்கு ஏறி அங்கே ஒரு முழு ஆவர்த்தனம் நில்லுங்கள். அப்போது கட்ஆஃப் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் கிக்கை ஓர் ஆவர்த்தனம் நிறுத்திவிட்டு, சமத்தில் திரும்பக் கொண்டுவாருங்கள். கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்தது இந்த இடத்தில்தான், ஒவ்வொரு தடவையும்.

பதிவு செய்யும்போது தாளத்தையும் பாஸையும் திருத்தலாம், கையை வெட்டி ஒட்டாதீர்கள். ஐந்து நிமிடம் தொடர்ந்து வாசியுங்கள். பிடிக்கவில்லை என்றால் முழுவதையும் மறுபடி வாசியுங்கள். ஒலி அளவில் பாஸும் கிக்கும் ஒன்றையொன்று விழுங்கக்கூடாது. சின்ன ஸ்பீக்கரில் கேட்டுப் பாருங்கள், பாஸின் த-ம ஜாரு அதிலும் தெரிந்தால் அளவு சரி.

இது கைக்கு வந்த பிறகு அடுத்து ரேவதி எடுங்கள். 1 கட்டையில் சி, டி ஃபிளாட், எஃப், ஜி, பி ஃபிளாட். ரி-க்கும் ஸ-வுக்கும் இடைவெளி ஒன்றே ஒன்று, எனவே பெண்டைப் பாதிக்கும் குறைவாகத் தள்ளினாலே போதும். ஸ்லைடை ரி-யிலிருந்து ஸ-வுக்கு வையுங்கள். பாஸில் ப-வைத் தாராளமாக வைக்கலாம், இந்த ராகத்துக்கு அது சொந்தம்.